110 கொரோலா: எஞ்சின் மாற்றுவதா, இருக்கிறதையே செய்வதா?

கல்லடி வாத்தி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1997ஆம் ஆண்டு டொயோட்டா 110 கொரோலா இருக்கிறது. 5ஏ எஞ்சின், 1498 சிசி, மெனுவல் கியர். மாமா ஓடிவிட்டு எனக்குத் தந்த கார். மீற்றர் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் காட்டுகிறது.

போன கிழமை மகளைப் பேராதனைக் கம்பஸில் விட மகியங்கனைப் பாதையால் போனோம். பதினெட்டு வளைவில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம், பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. ஊசி சிவப்பையும் தாண்டி நின்றது. எப்போது ஏறியது என்று கவனிக்கவில்லை, கதைத்துக்கொண்டு வந்தேன், என் பிழைதான். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டுத் தண்ணீர் விட்டேன். மகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரைத் திருப்பி மெதுமெதுவாக ஊருக்கு வந்து சேர்ந்தேன். மகா ஓயாவில் ஒருதரம், செங்கலடியில் ஒருதரம் திரும்பவும் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

இப்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக வருகிறது. ஒயில் குச்சியை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறம். கராஜில் பார்த்தவர் "எஞ்சின் முடிஞ்சுது சேர், வேறொன்று போடுங்க" என்கிறார். அதே 5ஏ போடவா, கொஞ்சம் பெரிய 4ஏ போடவா, 2சி டீசல் போடவா என்று மச்சான்மாரும் பக்கத்து வீட்டாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தினமும் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி போய் வர வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடி டீசல்:

யோசிக்காமல் 2சி போடுங்கள் சேர். 1974 சிசி, இழுவை சொல்லி வேலையில்லை. அந்த 110 பொடியிலேயே டீசல் கார் வந்திருக்கிறது, மவுண்ட் எல்லாம் கிடைக்கும். என்னுடைய டவுன் ஏஸ் இருபது வருடமாக அதே எஞ்சினில்தான் ஓடுகிறது.

வாவிக்கரை:

வித்துப்போட்டு வேறு வாகனம் எடுங்கள். இருபத்தெட்டு வருடக் காருக்கு எஞ்சின் போடுவது கிழவனுக்குக் கலியாணம் செய்கிற மாதிரி.

கல்லடி வாத்தி:

வாவிக்கரை, வாத்திச் சம்பளத்தில் வேறு வாகனமா? 2020இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் எல்லாம் தங்கம் மாதிரி ஏறிவிட்டது. வித்தால் நல்ல விலைதான், ஆனால் வாங்கப் போனாலும் அதே விலைதானே. கிழவனுக்கே கலியாணம் செய்து வைப்போம்.

ஒலுவில் 20 வால்வ்:

மாஸ்டர், எஞ்சின் மாற்றுகிறதென்றால் 4ஏ-ஜிஇ 20 வால்வ் பிளக்டொப் போடுங்கோ. 165 குதிரை. 111 லெவினில் வந்தது, உங்கள் பொடிக்குள் நேரே உட்காரும். அது கிடைக்காவிட்டால் 121 கொரோலாவின் 1என்இசட், விவிடி-ஐ. டைமிங் பெல்ட் தொல்லையும் இல்லை, செயின்.

அக்கரைப்பற்று காக்கா:

ஒலுவில் தம்பி, 165 குதிரையைக் கட்டிக்கொண்டு கல்முனை வீதியில் எங்கே ஓடப் போகிறீர்? அஞ்சு மணிக்குப் பெரியகல்லாற்றில் மாடு கடக்கும் வரைக்கும் நிற்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு ஒரு சாமான் தேடினால் ஆறு மாதம் போகும். 1என்இசட் நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 110க்குள் அதைப் போட மவுண்ட் வெட்ட வேண்டும், வயரிங் முழுதாக மாற்ற வேண்டும், கம்பியூட்டர், கியர்பொக்ஸ், அக்ஸில், எக்ஸோஸ்ட் எல்லாம் வேறு. கடைசியில் ஏசி வேலை செய்யாது, மீற்றர் வேலை செய்யாது. அப்படி அரைவாசியில் விட்ட கார் ரெண்டு என் கராஜுக்குப் பின்னால் பாம்புக்கு வீடாகக் கிடக்கிறது.

சேர், எந்த எஞ்சின் என்று பிறகு பார்ப்போம். இந்த எஞ்சின் ஏன் செத்தது? அதை யாரும் கேட்கவில்லை. மூன்று விடயம் பார்த்துச் சொல்லுங்கள். தெர்மோஸ்டற், அதாவது சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு, உள்ளே இருக்கிறதா? ரேடியேற்றர் ஃபேன் தானாக வேலை செய்கிறதா, இல்லை ஸ்விச் வைத்து ஓடுகிறதா? இவ்வளவு காலமும் என்ன தண்ணீர் விட்டீர்கள்?

அதோடு கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று, பார்த்தார்களா? பார்க்காமல் "எஞ்சின் முடிஞ்சுது" என்றால் அது வைத்தியமில்லை, சாத்திரம்.

கல்லடி வாத்தி:

காக்கா, கொம்பிரஷன் இன்னும் பார்க்கவில்லை. தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். கொஞ்சம் உவர், குடிக்க மாட்டோம், காருக்கு விடுவோம். மற்ற ரெண்டையும் நாளைக்குப் பார்த்து எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று காக்கா:

அங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது. கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எஞ்சினின் மேல்பாதியான அலுமினிய ஹெட்டுக்குள்ளும் கீழ்ப்பாதியான இரும்பு பிளொக்குக்குள்ளும் வருடக்கணக்காக ஓட விட்டால் அது சும்மா இருக்குமா? ஹெட் புழு தின்ற மாதிரி அரிக்கும், பிளொக்கின் தண்ணீர் ஓட்டைகளை மூடுகிற வெல்ஷ் பிளக் உள்ளிருந்து துருப்பிடிக்கும், கழன்ற துரு எல்லாம் போய் ரேடியேற்றர் குழாயில் அடைக்கும். தட்டையில் நிற்காமல் ஓடும்போது காற்று பிடிக்கிறது, தெரியாது. ஏற்றத்தில் ரெண்டாம் கியரில் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

செங்கலடி டீசல்:

காக்கா சொல்வது சரி. ஆனால் டீசலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அக்கரைப்பற்று காக்கா:

குறைவா? 2சி ஹெட் வெடிப்பதற்குப் பேர் போனது தம்பி. ஒரு தரம் நல்லாகச் சூடேறினால் வால்வுக்கு இடையில் கோடு விழும். நான் மாற்றிய ஹெட்களில் கூடுதலானது அதுதான். உம்முடைய வேன் இருபது வருடம் ஓடியது நீர் தண்ணீர் பார்க்கிற ஆள் என்பதால். சேருடைய கார் பெற்றோல் கார். டீசல் போட்டால் டாங், பைப், ஃபில்டர், எக்ஸோஸ்ட் எல்லாம் மாற வேண்டும், முன் ஸ்பிரிங்கும் பாரத்துக்குப் பதியும். முந்தி டீசலுக்கும் பெற்றோலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்தது, அந்தக் காலத்தில் சரி. இப்போது அந்த மிச்சத்தில் செலவை எடுக்க எத்தனை வருடம் ஓட வேண்டும்?

ஆரையம்பதி அட்டவணை:

இடையில் ஒரு விடயம். நான் மெக்கானிக் இல்லை, கடதாசி வேலை பார்க்கிறவன். எந்த எஞ்சின் போட்டாலும் வாகனப் பதிவுப் புக்கில் எஞ்சின் நம்பர் மாற்ற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் எஞ்சின் நம்பர், செஸி நம்பர், சிசி, எரிபொருள் நாலும் இருக்கிறது. அதே 5ஏ என்றால் நம்பர் மட்டும் மாறும். 4ஏ என்றால் 1587 சிசி, அதுவும் மாற வேண்டும். டீசல் என்றால் எரிபொருள் வகையும் மாற வேண்டும். எஞ்சின் வாங்கும் இடத்தில் ஒழுங்கான பில்லும், அது நாட்டுக்குள் வந்த சுங்கக் கடதாசியின் பிரதியும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் தேவையில்லை, நாங்க எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கிறோம்" என்று சொல்வார்கள். கடதாசி தராவிட்டால் வேறு கடை பாருங்கள். லீசிங்கில் இருக்கிற வாகனம் என்றால் அந்தக் கம்பனியின் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸுக்கும் அறிவிக்க வேண்டும். நாளைக்கு ஒரு விபத்தென்றால் முதலில் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

வாவிக்கரை:

எத்தனை பேர் மாற்றாமலே ஓடுகிறார்கள்.

ஆரையம்பதி அட்டவணை:

ஓடுகிறார்கள். விற்கப் போகிற அன்று என்னிடம் வருகிறார்கள்.

கல்லடி வாத்தி:

பார்த்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தெர்மோஸ்டற் இல்லை. கீழ் ஹோஸ் வருகிற இடத்து மூடியைக் கழற்றினால் உள்ளே வெறும் ஓட்டை. மாமாவிடம் கேட்டேன். "சூடான நாட்டுக்கு அது தேவையில்லை என்று ஒரு கராஜில் கழற்றினாங்க" என்றார், ஏதோ ஊளைச்சதை வெட்டின மாதிரி. ஃபேனுக்கு டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு வெள்ளை ஸ்விச் இருக்கிறது. மூன்று வருடமாக அதை ஃபொக் லைட் ஸ்விச் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறுகிற அன்று அது ஓஃபில் இருந்தது.

கொம்பிரஷன் பார்த்தது, பிஎஸ்ஐ கணக்கில்: முதல் சிலிண்டர் 175, ரெண்டாவது 105, மூன்றாவது 100, நாலாவது 170. ரெண்டுக்கும் மூன்றுக்கும் கொஞ்சம் ஒயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை.

அக்கரைப்பற்று காக்கா:

வெட்கப்படாதீங்க சேர், பத்துக் காரில் ஆறு இப்படித்தான் வருகிறது.

இந்த எஞ்சினில் தெர்மோஸ்டற் 82 டிகிரியில் திறக்கும். திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிராக ஓடட்டும் என்று கழற்றினது ஏற்றத்தில் கொதிக்க வைக்கிறது. தட்டையான பாதையில் மற்றப் பக்கம் பிழைக்கும்: எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, கம்பியூட்டர் கூடப் பெற்றோலை ஊற்றும், லீற்றருக்கு ஓடுகிற தூரம் குறையும்.

இனி நம்பருக்கு வருவோம். புது 5ஏக்கு 190 அளவில் வர வேண்டும், 140க்குக் கீழே போனால் கூடாது, ஒன்றுக்கொன்று 14க்கு மேல் வித்தியாசம் இருக்கவும் கூடாது. உங்களுக்கு ஓரத்து ரெண்டும் இந்த வயதுக்குத் தங்கம். நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ரெண்டு மட்டும் விழுந்திருக்கிறது, ஒயில் விட்டும் ஏறவில்லை. அப்படியென்றால் பிழை பிஸ்டன் ரிங்கில் இல்லை, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் இருக்கிற கெஸ்கட் ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எரிந்திருக்கிறது. எஞ்சின் முடியவில்லை சேர். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து வெடிப்புப் பார்த்து, மட்டம் பார்த்து ஃபேஸ் பண்ணினால் போதுமாக இருக்கலாம். ஹெட் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது, அது தலைமயிர் அளவுகூட இல்லை.

ஒலுவில் 20 வால்வ்:

அப்போ எஞ்சின் மாற்றத் தேவையில்லையா? தலைப்பை மாற்றுங்கோ.

சம்மாந்துறை வெள்ளாமை:

அவசரப்படாதீர்கள். சேர் முதல் பதிவில் பால் தேத்தண்ணி என்று எழுதினார். அந்த ஒயிலோடுதான் பதினெட்டு வளைவிலிருந்து கல்லடிக்கு ஓடி வந்திருக்கிறார். நூறு கிலோமீற்றருக்கு எவ்வளவோ மேல். தண்ணீர் கலந்த ஒயில் பேரிங்கைத் தின்னும். ஹெட் வேலைக்குக் காசு கொட்டுவதற்கு முன் அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றி ஒரு பேரிங் கெப்பைத் திறந்து பாருங்கள். நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அக்கரைப்பற்று காக்கா:

ஓம், அது நான் விட்டது. வெள்ளாமை சொல்வது நூற்றுக்கு நூறு. ரெண்டாவதும் மூன்றாவதும் பெரிய பேரிங் பாருங்கள் சேர்.

கல்லடி வாத்தி:

இன்று சம்பைக் கழற்றினோம், நானும் பக்கத்தில் இருந்தேன். அடியில் சொக்லேட் பால் மாதிரிக் கட்டியாக இருந்தது. மூன்றாவது பேரிங் கெப்பைத் திறந்து துணியால் துடைத்துக் காட்டினார். சாம்பல் நிறமாக இருக்க வேண்டியது, நடுவில் செம்பு தெரிகிறது. கிராங்கில் நகத்தை வைத்து இழுத்தேன், கோட்டில் தட்டுப்பட்டு நிற்கிறது. ரெண்டாவதும் அப்படித்தான். ஹெட்டும் கழற்றினோம், ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கெஸ்கட் கருகி அந்த இடமே இல்லை. பின்பக்க வெல்ஷ் பிளக் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார், உள்ளே போய்விட்டது. தகரமே இல்லை, துருதான் நின்றிருக்கிறது.

மகா ஓயாவில் ஒரு லொறியைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்திருந்தால் கெஸ்கட்டோடு போயிருக்கும்.

அக்கரைப்பற்று காக்கா:

சரி. இப்போதுதான் உண்மையான கணக்கு. இருக்கிற எஞ்சினைச் செய்வதென்றால் கிராங் 0.25 மில்லிமீற்றர் கிரைண்ட், பேரிங், ரிங், ஒயில் பம்ப், ஹெட் ஃபேஸ், வால்வு சீல், கெஸ்கட் செட், வாட்டர் பம்ப், பெல்ட், லேத் கூலி, என் போன்றவன் கூலி. சாமான் அசல்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், பெட்டி அசல், உள்ளே வேறு என்பது நிறைய. ஒழுங்காகச் செய்தால் இன்னும் பத்து வருடம் ஓடும், புக்கும் மாற்றத் தேவையில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த கணக்கில் நல்ல 5ஏ ஒன்று கொண்டுவந்து போடுவதோடு பெரிய வித்தியாசம் வராது, நாளும் மிச்சம். கிரைண்ட் ஒழுங்காகச் செய்கிற இடம் கையில் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் அதே 5ஏ வாங்குங்கள். 4ஏ வேண்டாம். 77 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் ரெண்டுக்கும் ஒன்றுதான், 4ஏயின் சிலிண்டர் விட்டம் (போர்) 81 என்பதுதான் வித்தியாசம், கியர்பொக்ஸும் பொருந்தும். ஆனால் 89 சிசிக்காக ஆரையம்பதித் தம்பியின் கடதாசியை இரட்டிப்பாக்க வேண்டாம்.

ஒன்று கவனம்: 5ஏ 100 கொரோலாவிலும் வந்தது. இன்டேக், சென்சர் வேறுபடும். 110இல் இருந்து கழற்றியதாகக் கேளுங்கள்.

சம்மாந்துறை வெள்ளாமை:

என் கதையைச் சொல்கிறேன், பிரயோசனப்படும். என்னுடையது நிசான் எஃப்பி 14 சன்னி கார். "ரீகண்டிஷன்" எஞ்சின் என்று கொழும்புப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். ரீகண்டிஷன் என்றால் யாரோ திறந்து திருத்தினது என்று நினைத்தேன். இல்லை, அங்கே கழற்றி இங்கே கொண்டுவந்த பழைய எஞ்சின், அவ்வளவுதான். கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, பார்க்க மணப்பெண் மாதிரி. மூன்று மாதம் ஓடியது, பிறகு நீலப் புகை. சம்பைக் கழற்றினால் மூலையில் மாவு மாதிரி மணல். எங்கோ வெள்ளத்தில் நின்ற வாகனத்தினது. கடைக்காரர் "ஸ்டார்ட் பண்ணிக் காட்டித்தானே தந்தோம்" என்றார். அந்தப் போகத்து நெல்லுக் காசு அப்படியே போனது.

இனி வாங்கப் போனால் நான் பார்ப்பது: முதலில் ஒயில் மூடியைக் கழற்றி உள்பக்கம். கறுப்புக் களி இருந்தால் ஒயில் மாற்றாத எஞ்சின். தண்ணீர் போகும் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பேன், செந்துரு வந்தால் வேண்டாம். சம்பில் அடி பட்டிருக்கிறதா, பிராக்கெட் காது உடைந்திருக்கிறதா. கிராங் போல்ட்டில் சாவியைப் போட்டுக் கையால் ரெண்டு சுற்றுச் சுற்றுவேன், எங்கும் பிடிக்கக் கூடாது. பெயின்ட் அடித்த எஞ்சினைப் பார்க்கவே மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதே மேல், எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.

ஆரையம்பதி அட்டவணை:

நம்பர் அடித்த இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கிரைண்டர் பட்ட தடம் இருந்தால் காசை எண்ணவே வேண்டாம். பில்லில் எழுதும் நம்பரைப் பிளொக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்துப் பிழைக்கு ரெண்டு தரம் கொழும்பு போன ஆள் எனக்குத் தெரியும்.

அக்கரைப்பற்று காக்கா:

எஞ்சின் வெளியே நிற்கும்போதே கிராங்கின் பின் ஒயில் சீல், வெல்ஷ் பிளக், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் நாலையும் மாற்றுங்கள். உள்ளே போட்ட பிறகு பின் சீல் ஒழுகினால் கியர்பொக்ஸ் இறக்க வேண்டும். பெல்ட் எப்போது மாற்றியது என்று ஜப்பானில் போய்க் கேட்கவும் முடியாது. பழைய ரேடியேற்றரைக் கழுவிப் போடாதீர்கள், கோர் மாற்றுங்கள் அல்லது புதிது. மூடியும் புதிது, 0.9 அடித்தது. தெர்மோஸ்டற் போடாமல் தந்தால் கராஜை விட்டு எடுக்காதீர்கள்.

கல்லடி வாத்தி:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ரெண்டு நாள் அலைந்தேன், மச்சானும் வந்தான். முதல் நாலு எஞ்சினுக்கும் கடதாசி இல்லை. ஐந்தாவதுக்கு இருந்தது, ஆனால் தண்ணீர் வாயில் செந்துரு. ஏழாவதைத்தான் எடுத்தோம். 110இல் இருந்து கழற்றியது, பெயின்ட் இல்லை, வால்வு கவர் ஓரத்தில் கொஞ்சம் ஒழுக்கு. பற்றரி கொடுத்து ஸ்டார்ட்டர் அடித்துக் கொம்பிரஷன் பார்க்க விட்டார்கள்: 185, 180, 185, 178. கடைக்காரர் என்னைப் பார்த்து "ஐயா எஞ்சினியரா?" என்று கேட்டார். "காக்கா ஒருவர் சொல்லித் தந்தது" என்றேன்.

கொண்டு வந்த கதைதான் கதை. பேலியகொடைக்கு மீன் கொண்டுபோன கல்முனை லொறி ஒன்று வெறும் பெட்டியோடு திரும்பியது, அதில் ஏற்றினோம். விடியற்காலை வீட்டு வாசலில் இறக்கும்போது எஞ்சினில் சூரை வாசம். பூனை ரெண்டு நாள் அதைவிட்டுப் போகவில்லை.

காக்கா சொன்ன நாலும் மாற்றிப் போட்டாயிற்று, ரேடியேற்றர் புதிது, கூலன்ட் விட்டோம், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. ஃபேனுக்குப் பழையபடி ரிலே போட்டு அந்த வெள்ளை ஸ்விச்சைக் கழற்றினேன். களுவாஞ்சிக்குடி போய் வர ஊசி பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அசையவில்லை. முந்தி இந்த ஊசி இந்த இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. இப்போது பாதையைப் பார்ப்பதைவிட அதைத்தான் கூடப் பார்க்கிறேன் என்று மனைவி ஏசுகிறாள்.

புக்குக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

ஆரையம்பதி அட்டவணை:

புக் மாறிக் கையில் வரும்வரைக்கும் பழைய பிளொக்கை இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள் சேர். ஒரு மூலையில் கிடக்கட்டும்.

செங்கலடி டீசல்:

சேர், பழைய ஹெட்டை என்ன செய்யப் போகிறீர்கள்? தம்பியின் 110க்கு ஒன்று தேடுகிறோம்.

கல்லடி வாத்தி:

டீசல் சிபாரிசு செய்தவருக்குப் பெற்றோல் ஹெட்டா? கிடக்கிறது, வந்து எடுங்கள். லேத்தில் வெடிப்புப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெள்ளை ஸ்விச்சும் வேண்டுமென்றால் தருகிறேன்.